பழைய ஜப்பானிய மலர்–பறவை மர அச்சு நூல்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் பேணும் முறையும்

ஜப்பானில் மரப்பலகைகளில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு பலகையாகக் கையால் அச்சிட்டு வெளியிடப்பட்ட மலர்–பறவை ஓவிய நூல்கள், நூறு, இருநூறு ஆண்டுகள் கடந்த பின்னும் பழைய புத்தகக் கடைகளிலும் இணைய ஏலங்களிலும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் நல்ல பிரதியை இனங்காண்பதற்கு ஜப்பானிய மொழிப் புலமை கட்டாயம் அன்று. தாளையும் தையலையும் நிறத்தையும் வரிசையாகப் பார்க்கப் பழகிய கண்ணே முதலில் வேண்டும். ஓவியரின் பெயரைக் கண்டவுடன் விலை பேசத் தொடங்குவோர் பலர். அந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒரே தலைப்பும் ஒரே ஓவியரும் ஒரே ஆண்டும் பொறித்த இரண்டு பிரதிகளில், ஒன்று இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும் அச்சாகவும், மற்றது தேய்ந்த பலகையிலிருந்து எடுத்த மங்கிய அச்சாகவும் இருப்பது இத்துறையில் வழக்கமானது. ஆகவே பிரதியை முதலில் பார்த்து, பெயரையும் ஆண்டையும் பிறகு படிப்பதே சரியான முறை.

எந்த நூல்களிலிருந்து தொடங்குவது

மலரையும் பறவையையும் இணைத்து வரையும் மரபு சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்தது. ஜப்பானியர் அதைக் கச்சோகா என்கின்றனர். அவ்வகை ஓவியங்களைத் தொகுத்த நூலின் தலைப்பில் பெரும்பாலும் 'கஃபு' என்ற சொல் இருக்கும். ஓவியத் தொகுதி என்பது அதன் பொருள். மெய்ஜிக்கு முந்திய எடோ காலத்தின் (1603–1868) புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, கிதகாவா உதமாரோ வரைந்து, சுதாயா ஜூசபுரோ 1790ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட 'மோமோசிதோரி' என்னும் பறவை நூல். நகைச்சுவைக் கவிதைகளுடன் பறவைகளை இணைத்த அந்த நூலின் நல்ல பிரதிகள் பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் உள்ளன. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் அதைப் படித்தும் பார்த்தும் கற்கலாமே தவிர, வாங்கும் பட்டியலில் வைக்க வேண்டியதில்லை.

நம் கைக்கு எட்டக்கூடியவை மெய்ஜி காலத்து நூல்கள், அதாவது 1868 முதல் 1912 வரை வெளியானவை. இவற்றை எடோ கால நூல்களைவிடத் தரம் குறைந்தவையாகக் கருதும் பழக்கம் சிலரிடம் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பலகை செதுக்குவோரும் அச்சிடுவோரும் பல தலைமுறைத் திறனின் உச்சியில் நின்று செய்த வேலை இது. கியோட்டோவைச் சேர்ந்த கோனோ பைரேய் 1844இல் பிறந்து 1895இல் மறைந்தவர். தாகேயுச்சி செய்ஹோ போன்ற அடுத்த தலைமுறை ஓவியர்களின் ஆசிரியர். அவருடைய 'பைரேய் ஹியாகுச்சோ கஃபு' என்னும் நூறு பறவைகளின் தொகுதி 1881இல் மூன்று பாகங்களாகவும், அதன் தொடர்ச்சி 1884இல் மேலும் மூன்று பாகங்களாகவும் வந்தன. இவற்றை வெளியிட்டவர் டோக்கியோவின் ஓகுரா மகோபெய். பிற்காலத்தில் பீங்கான் தொழிலிலும் பெயர் பெற்றவர் இவரே. அதே பதிப்பாளர் 1890, 1891 ஆண்டுகளில் வாதானாபே செய்டேயின் மலர்–பறவைத் தொகுதியை மூன்று பாகங்களாக வெளியிட்டார். செய்டேய் 1878இல் பாரிஸ் சென்று வந்தவர். அவருடைய பறவைகளில் கோட்டைவிட நிறப்பூச்சின் மென்மையே உருவத்தைத் தருகிறது.

இவை எல்லாவற்றிலும் செழுமையானது இமாவோ கெய்னெனின் 'கெய்னென் கச்சோ கஃபு'. இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பாகங்கள். 1891, 1892 ஆண்டுகளில் கியோட்டோவில் நிஷிமுரா சோசாயெமோன் வெளியிட்டார். நிஷிமுரா குடும்பத்தினர் அடிப்படையில் பட்டுத்துணி வணிகர்கள். கெய்னெனையும் பைரேயையும் போன்ற ஓவியர்களிடம் கிமோனோ துணிகளுக்கான வடிவங்களை வரைந்து வாங்கிய நிறுவனம் அவர்களுடையது. இந்தப் பின்னணியை நினைவில் வைத்திருப்பது பயனுள்ளது, ஏனெனில் இத்தகைய நூல்கள் அலமாரியில் வைத்து ரசிப்பதற்காக மட்டும் அச்சிடப்படவில்லை. துணிக்குச் சாயமிடுவோர், பூத்தையல் செய்வோர், பீங்கானில் வரைவோர் ஆகியோர் மாதிரிக்காகப் புரட்டிய நூல்களும் கூட. கீழ் ஓரத்தில் கைபட்ட கறையோ, ஒரு மலரைச் சுற்றி மெல்லிய கரிக்கோடோ இருந்தால், அந்தப் பிரதி பட்டறையில் உழைத்தது என்று கொள்ளலாம். அதற்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை.

தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது பைரேயின் நூல்களையே. அவை அதிக எண்ணிக்கையில் அச்சிடப்பட்டதால் ஒப்பிட்டுப் பார்க்கப் பல பிரதிகள் கிடைக்கும். ஒப்பிடாமல் இத்துறையில் எதையும் கற்க முடியாது.

கட்டமைப்பைப் பார்ப்பது

இந்நூல்களில் பெரும்பாலானவை 'ஃபுகுரோதோஜி' என்ற பைத்தையல் முறையில் கட்டப்பட்டவை. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, அச்சுப் பக்கம் வெளியே தெரியும்படி நடுவில் மடித்து, மடிப்பைப் புத்தகத்தின் வெளி ஓரத்திலும் திறந்த விளிம்புகளை முதுகுப் பக்கத்திலும் வைத்துத் தைப்பார்கள். ஆகவே ஒவ்வொரு ஏடும் உள்ளே வெறுமையான ஒரு பையாக இருக்கும். புத்தகம் வலமிருந்து இடமாகத் திறக்கும். வெளி ஓரத்து மடிப்பை, வெட்டப்படாத பக்கம் என்று எண்ணிக் கத்தியால் பிரிப்பது மீட்க முடியாத சேதம். அந்த மடிப்பு நைந்து தானே பிளந்திருந்தால், எத்தனை ஏடுகளில் அப்படி உள்ளது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த அமைப்பிலிருந்து ஒரு முக்கியமான விளைவு பிறக்கிறது. புத்தகத்தைத் திறந்தவுடன் இரண்டு பக்கங்களிலும் விரிந்து தெரியும் ஒரே ஓவியம் உண்மையில் இரண்டு வெவ்வேறு தாள்களில் அச்சிடப்பட்டது: வலப்பாதி ஓர் ஏட்டின் பின்பக்கம், இடப்பாதி அடுத்த ஏட்டின் முன்பக்கம். எனவே பிரித்தெடுத்த ஒரு முழுத்தாளை விரித்தால், இரண்டு வேறு ஓவியங்களின் பாதிகளே அதில் தெரியும். சந்தையில் 'பழைய ஜப்பானிய மர அச்சு ஓவியம்' என்று சட்டமிட்டு விற்கப்படும் பறவைப் படங்களில் கணிசமானவை, இப்படி ஒரு நூலைப் பிரித்து, இரண்டு பாதிகளை நடுவில் ஒட்டிச் செய்தவை. படத்தின் நடுவே செங்குத்தான இணைப்புக்கோடும், அதையொட்டித் தையல் துளைகளும் இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. அத்தகைய தாள்களை வாங்காமல் இருப்பது நல்லது. அவற்றுக்கு விலை கிடைக்கும் வரை முழு நூல்கள் பிரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். நான்கு பருவங்களையும் வரிசையாகக் காட்டவென்று ஓவியர் அமைத்த ஒழுங்கு அதோடு அழிகிறது.

மடிப்பு ஓரத்தில், அதாவது தாளின் நடுப்பகுதியில், ஒரு குறுகிய பட்டை ஓடும். நூலின் சுருக்கத் தலைப்பு, பாகத்தின் குறி, ஏட்டின் எண் ஆகியவை பெரும்பாலும் அதில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக அச்சிடப்பட்டிருக்கும். ஏடுகள் முழுமையாக உள்ளனவா என்று அறிய இதைவிட எளிய வழி இல்லை. ஜப்பானிய எண்களில் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை முறையே ஒன்று, இரண்டு, மூன்று கிடைக்கோடுகள். பத்து என்பது சிலுவை வடிவம். நான்கு முதல் ஒன்பது வரையுள்ள ஆறு குறிகளை ஒரு மாலைப் பொழுதில் மனப்பாடம் செய்துவிடலாம். எண் தொடர்ச்சி அறுந்தால் ஏடு போயிருக்கிறது என்று பொருள். பாகங்களின் குறி நூலுக்கு நூல் மாறும்: இரண்டு பாக நூல்களில் மேல், கீழ் என்றும், மூன்று பாக நூல்களில் வானம், பூமி, மனிதன் என்றும், நான்கு பாக நூல்களில் பருவங்களின் பெயர்களாலும் குறிப்பது வழக்கம். 'வானம்' என்று மட்டும் குறித்த ஒற்றை நூலை முழு நூல் என்று விற்பதை அடிக்கடிக் காணலாம்.

மற்றொரு கட்டமைப்பு 'ஓரிஹோன்' என்ற விசிறி மடிப்பு. தாள்களை ஒட்டி நீண்ட பட்டையாக்கி, முன்னும் பின்னுமாக மடித்து, இரு முனைகளிலும் கெட்டி அட்டை வைத்திருப்பார்கள். இதில் படம் நடுவில் வெட்டுப்படாமல் முழுமையாக விரியும். ஒட்டிய இடங்கள் பிரிந்திருக்கின்றனவா, மடிப்பு முனைகளில் நிறம் உதிர்ந்திருக்கிறதா என்பவையே இங்கே பார்க்க வேண்டியவை.

பைத்தையல் நூலுக்கு மீண்டும் வந்தால், முதுகோரத்தில் பெரும்பாலும் நான்கு துளைகள் இருக்கும். அவற்றின் வழியே பட்டு நூல் ஓடும். அந்த நூல் அறுந்திருப்பதோ மாற்றப்பட்டிருப்பதோ பெருங்குறை அன்று, ஏனெனில் முறுக்கிய காகிதத் திரிகளாலான உள்தையல் ஒன்று ஏடுகளைத் தனியே பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் பயன்படாத பழைய துளைகள் தென்பட்டால், நூல் ஒருமுறை முழுதும் பிரிக்கப்பட்டு, ஓரம் வெட்டப்பட்டு, மறுபடி கட்டப்பட்டிருக்கலாம். அப்போது படங்களின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வெட்டுப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அட்டையில் ஒட்டிய தலைப்புச்சீட்டு, உள்ளட்டையில் அச்சிட்ட தலைப்புப் பக்கம், நூலைச் சுற்றி மூடும் 'சித்சு' என்ற துணி ஒட்டிய உறை ஆகியவை எஞ்சியிருந்தால் விலை கூடும். சித்சு பல சமயங்களில் பிற்காலத்தில் செய்யப்பட்டது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அச்சைப் படிப்பது

இதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும், பக்கவாட்டில் பிடிக்கக்கூடிய சிறு விளக்கும் போதும். முதலில் நிறமுள்ள இடத்தை லென்ஸில் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது புகைப்பட முறையில் இயந்திரத்தில் எடுத்த மறுபதிப்பு. மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. புள்ளிகள் இல்லாமல், மிக நுண்ணிய சுருக்கங்கள் போன்ற மணல்தன்மை எங்கும் பரவியிருந்தால், அது கொலோடைப் என்ற கண்ணாடித்தகட்டு அச்சாக இருக்கலாம். தொலைவிலிருந்து பார்க்கையில் இதுவே ஏமாற்றக்கூடியது. மர அச்சில் நிறம் தாளின் இழைகளுக்குள் இறங்கியிருக்கும், மேலே படலமாக நிற்காது. பரந்த நிறப்பரப்பில் மரத்தின் இழைக்கோடுகளோ, 'பாரென்' என்ற அழுத்துவட்டு சுழன்ற தடங்களோ தெரியலாம்.

அடுத்து தாளின் பின்பக்கம். பைத்தையல் நூலில் இதற்கு எதையும் பிரிக்க வேண்டியதில்லை. ஏட்டின் மடிப்பு ஓரத்தை முதுகுப் பக்கமாக மெல்ல நெருக்கினால் பை சற்று விரியும். விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தால், அசல் மர அச்சில் நிறங்கள் ஊடுருவி மறுபக்கத்தில் மங்கலாகத் தெரியும். முசுக்கட்டை இனத்தைச் சேர்ந்த கோசோ செடியின் பட்டையிலிருந்து கையால் செய்த தாளாக இருப்பின், நீண்ட இழைகளும் அங்கே கண்ணுக்குப் புலப்படும். விற்பனையாளர் தொடவிடாதபோது, இந்த உட்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்கலாம், அக்கறையுள்ளவர் அனுப்புவார்.

மர அச்சு என்று உறுதியானபின், அது முந்திய அச்சா பிந்திய அச்சா என்ற கேள்வி எழுகிறது. இதுவே விலையையும் மகிழ்ச்சியையும் தீர்மானிப்பது என்பதால் இங்கே நேரம் செலவிட வேண்டும். உருவத்தின் கோடுகளை அச்சிடும் கோட்டுப்பலகை காட்டுச் செர்ரி மரத்தில் செதுக்கப்படும். கடினமான மரமாயினும், பல முறை அச்சிட்டபின் மெல்லிய கோடுகள் முதலில் தடிக்கும், பிறகு முறியும். ஆகவே பறவையின் கழுத்தடி இறகு, கண்ணைச் சுற்றிய வட்டம், புல்நுனி, மகரந்தத் தண்டு ஆகிய இடங்களை லென்ஸில் பாருங்கள். முந்திய அச்சில் கோடு முடி போல் தொடங்கித் தடித்து மீண்டும் மெலியும். பிந்திய அச்சில் அதே கோடு ஒரே தடிமனில் மழுங்கி நிற்கும். படத்தைச் சுற்றிச் சட்டக்கோடு இருந்தால் அதன் முறிவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்டைவிட விரைவில் குறைவது அச்சிடுபவரின் உழைப்பு. 'போகாஷி' என்ற நிறமாற்றத்தை, அடர்ந்த நிறம் படிப்படியாக வெளிறிக் கரைவதை, ஒவ்வொரு தாளுக்கும் பலகையில் நீரும் நிறமும் தனியே தடவித்தான் உண்டாக்க முடியும். தேவை பெருகி வேகமாக அச்சிட்டபோது, அந்த நிறமாற்றம் தட்டையான ஒரே நிறமாக மாறியது. ஒன்றிரண்டு நிறப்பலகைகள் விட்டுவிடவும் பட்டன. வெண்ணாரையின் இறகுகளும் வெண்மலரின் நரம்புகளும் நிறமே இல்லாமல், பலகையின் அழுத்தத்தால் மட்டும் தாளில் புடைப்பாகப் பதிக்கப்பட்டிருப்பதுண்டு. விளக்கைத் தாளின் மட்டத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் புடைப்பு எழுந்து தெரியும். நேர்வெளிச்சத்தில் எடுத்த விற்பனைப் படங்களில் இது காணாமல் போகிறது. எனவே பக்கவெளிச்சத்தில் ஒரு படம் கேட்பது அவசியம். அழுத்தி உலர்த்தியோ பின்னால் தாள் ஒட்டியோ பழுதுபார்க்கப்பட்ட பிரதிகளில் புடைப்பு தட்டையாகியிருக்கும். மைக்கா தூவிய பரப்பும் உலோகப்பொடியிட்ட பரப்பும் சாய்வில் பார்த்தால்தான் மின்னும்.

நிறங்களே காலத்தையும் காட்டிக்கொடுக்கும். பிரஷ்ய நீலம் ஜப்பானிய அச்சில் பரவலானது 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதற்கு முன் நீலத்துக்குப் பயன்பட்ட தாவரச்சாயங்களுள் ஒன்று எளிதில் மங்கிப் பழுப்பு கலந்த சாம்பலாகிவிடும். செயற்கைச் சாயங்களான கூரிய ஊதாவும் சிவப்பும் 1860களிலிருந்து வரத் தொடங்கின. ஆகவே 1790 என்று சொல்லப்படும் நூலில் பளிச்சென்ற ஊதா இருந்தால், அது பிற்கால அச்சு அல்லது பிறகு கையால் பூசியது. ஈயம் கலந்த ஆரஞ்சுச் சிவப்பு காற்றுபட்டுக் கறுத்திருப்பது இயல்பான முதுமை. ஒரு பக்கத்துப் படம் முழுவதும் ஒரே சீராக வெளிறியிருந்து, மற்ற ஏடுகள் பொலிவாக இருந்தால், அந்தப் பக்கம் நீண்டகாலம் திறந்து வைக்கப்பட்டிருந்தது என்று கொள்ளலாம்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது

நூலின் கடைசியில், பெரும்பாலும் பின்னட்டையின் உட்புறத்தில், 'ஓகுசுகே' என்ற பதிப்பு விவரப் பக்கம் இருக்கும். 1722இல் எடோ அரசு பிறப்பித்த ஆணைப்படி ஆசிரியரும் பதிப்பாளரும் தம் பெயரை அங்கே அச்சிட வேண்டியிருந்தது. எடோ கால நூல்களில் பல புத்தக வணிகர்களின் பெயர்கள் நகரவாரியாக அடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் இடக்கோடியில் கடைசியாக நிற்பவரே முதன்மைப் பதிப்பாளர். மெய்ஜி கால நூல்களில் அரசுக்கு அறிவித்த தேதி, வெளியிட்ட தேதி, ஓவியர், பதிப்பாளர் ஆகியோரின் முகவரி என விவரம் மிகுதியாக இருக்கும்.

தேதி ஆட்சிக்காலத்தின் பெயரோடு தொடங்கி, அந்தக் காலத்தின் எத்தனையாவது ஆண்டு என்று சொல்லும். மெய்ஜி என்பதன் முதல் எழுத்தில் சூரியனையும் சந்திரனையும் குறிக்கும் இரண்டு பெட்டி போன்ற உருவங்கள் அருகருகே நிற்கும். இரண்டாம் எழுத்தின் இடப்பக்கம் நீர்த்துளிகளைக் குறிக்கும் மூன்று சிறு கீற்றுகள் இருக்கும். அதன் கீழே எண் வரும். சிலுவை ஒன்றும், உள்ளே இரண்டு கீற்றுகள் கொண்ட பெட்டி ஒன்றும் இருந்தால் பதினான்கு. அத்துடன் 1867ஐக் கூட்டினால் 1881, அதாவது பைரேயின் முதல் பறவைத் தொகுதியின் ஆண்டு. சிலுவைக்கு மேலே இரண்டு கோடுகளும் சேர்ந்தால் இருபத்துநான்கு, அதாவது 1891. மெய்ஜிக்குப் பின் அடுத்தடுத்து வந்த தைஷோ ஆண்டுகளுக்கு 1911ஐயும் ஷோவா ஆண்டுகளுக்கு 1925ஐயும் கூட்ட வேண்டும். ஜப்பான் மேற்கத்திய நாட்காட்டியை ஏற்றது 1873 ஜனவரி முதல் நாளில். அதற்கு முந்திய நூல்களில் பன்னிரண்டாம் மாதம் என்றிருந்தால், அது நம் கணக்கில் அடுத்த ஆண்டின் தொடக்கமாக இருக்கக்கூடும்.

இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, அந்தத் தேதி பலகை செதுக்கி முதலில் வெளியிட்ட தேதியே தவிர, உங்கள் கையிலுள்ள பிரதி அச்சான தேதி என்று கொள்ள இயலாது என்பதுதான். பலகைகள் சொத்தாகக் கருதப்பட்டன. ஒரு பதிப்பாளர் நொடித்தாலோ தொழிலை விட்டாலோ அவை வேறொருவர் கைக்கு விற்கப்பட்டு, பழைய தேதியுடனேயே மீண்டும் அச்சிடப்பட்டன. வாங்கிய பலகை என்று பொருள்படும் 'கியூஹான்' என்ற குறிப்பு இருந்தால் அது நேர்மையான மறு அச்சு. குறிப்பே இல்லாத மறு அச்சுகள் ஏராளம். 1891இல் கியோட்டோவில் தொடங்கிய உன்சோதோ என்னும் பதிப்பகம் இன்றும் பழைய பலகைகளைக் காத்து, அவற்றிலிருந்து கையால் அச்சிட்டு வருகிறது. அத்தகைய புதிய அச்சுகள் தம்மளவில் அழகானவை, ஆனால் பழைய பிரதியின் விலைக்கு வாங்க வேண்டியவை அல்ல.

ஐயம் தீர்க்கும் வழி ஒப்பீடு மட்டுமே. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம், கியோட்டோவின் ரித்சுமெய்கான் பல்கலைக்கழகம், வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் புல்வெரர் தொகுப்பு ஆகியவை இவ்வகை நூல்களைப் பக்கம் பக்கமாக இணையத்தில் இலவசமாகக் காட்டுகின்றன. உங்கள் நூலின் ஓர் ஓவியத்தை அங்குள்ள அதே ஓவியத்துடன் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். எல்லாக் கோடுகளும் ஒன்றி, உங்கள் பிரதியில் மட்டும் சில முறிவுகள் கூடுதலாக இருந்தால், அது அதே பலகையின் பிந்திய அச்சு. முறிவுகள் என்றில்லாமல் எங்கும் கோட்டின் வளைவு சற்றே மாறியிருந்தால், பழைய அச்சுத்தாளை ஒட்டிப் புதிதாகச் செதுக்கிய வேறு பலகை அது. ஒரே ஓவியத்துடன் நிறுத்தாமல், பாகத்துக்கு ஒன்றாவது ஒப்பிட வேண்டும், ஏனெனில் வெவ்வேறு காலத்தில் அச்சான பாகங்களைச் சேர்த்து ஒரு முழுத்தொகுதி ஆக்குவது வணிகத்தில் நடப்பதே.

வாங்கும்போது

டோக்கியோவின் ஜிம்போச்சோ பகுதியும் கியோட்டோவின் தெராமாச்சித் தெருவும் பழைய நூல்களுக்குப் பெயர்பெற்றவை. ஜப்பானியப் பழைய புத்தக வணிகர்களின் கூட்டு இணையதளமும் உண்டு. விற்பனைக் குறிப்புகளில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். 'முஷிகுய்' என்பது பூச்சித்துளை, 'ஷிமி' கறை, 'யாகே' ஒளியால் ஏறிய பழுப்பு, 'ககிகோமி' கையெழுத்துக் குறிப்பு, 'சோரோய்' முழுத்தொகுதி, 'ஹஹோன்' தொகுதியிலிருந்து பிரிந்த தனிப்பாகம், 'அதோசுரி' பிந்திய அச்சு. இவற்றைத் தெளிவாக எழுதும் வணிகரிடம் நம்பி வாங்கலாம்.

பூச்சித்துளை பற்றித் தேவையற்ற அச்சம் வேண்டாம். ஓரத்தில் ஓடிய துளைகள் இந்நூல்களின் வாழ்க்கையோடு சேர்ந்தவை. பறவையின் முகத்தையோ மலரின் நடுவையோ துளைத்திருந்தால் மட்டுமே அது கடுமையான குறை. நீர்க்கறை அப்படி அன்று. நிறங்கள் நீரில் கரைந்து அரிசிப்பசையுடன் இட்டவை. நீர் பட்ட இடத்தில் ஓவியமே நகர்ந்துவிடும். பொருட்செலவுக்கு எல்லை உள்ளவர், புகழ்பெற்ற தலைப்பின் சிதைந்த தொகுதியைவிட அதன் ஒரே ஒரு நல்ல தனிப்பாகத்தை வாங்குவதே மேல் என்பேன். பிரிந்த தனிப்பாகம் மலிவாகக் கிடைக்கும். அதில் முந்திய அச்சு அமைந்தால், இந்தக் கலை எந்த உயரத்தை எட்டியது என்பதை அது ஒன்றே காட்டிவிடும்.

கையாளுவதும் பேணுவதும்

கையைக் கழுவி நன்றாக உலர்த்திய பின் வெறுங்கையால் புரட்டுவதே பாதுகாப்பு. பருத்திக் கையுறை மெல்லிய தாளின் உணர்வை மறைத்துக் கிழிக்க வைக்கும். மேசைமேல் தூய துணி விரித்து, நூலைத் தட்டையாக வைத்து, ஏட்டின் மேல்மூலையிலிருந்து தூக்கித் திருப்புங்கள். முதுகை அழுத்தி விரிக்கக் கூடாது. நிற்கவைத்து அடுக்குவதற்காகக் கட்டப்பட்ட நூல்கள் அல்ல இவை. படுக்கை நிலையில், ஒன்றன்மேல் ஒன்றாகச் சிலவற்றை மட்டும், அமிலமற்ற அட்டைப் பெட்டியிலோ சித்சு உறையிலோ வைக்க வேண்டும். காட்சிக்கு வைப்பதானால் வெளிச்சம் ஐம்பது லக்ஸுக்கு மிகாமல் இருக்கட்டும்; திறந்த பக்கத்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இந்நூல்களை வைத்திருப்பவருக்கு ஈரமே முதற்பகை. காற்றின் ஈரப்பதம் ஐம்பது விழுக்காட்டை ஒட்டி நிலையாக இருப்பது நல்லது. ஏறியும் இறங்கியும் அலைவது, சற்று உயர்ந்து நிலையாக இருப்பதைவிடத் தாளுக்குக் கேடு. பிளாஸ்டிக் உறையில் இறுக்கமாக மூடினால் உள்ளே தங்கிய ஈரம் பூஞ்சணமாகும். இரும்பு பீரோவில் வைப்பதானால், மழைபடும் வெளிச்சுவரை ஒட்டாமல் நிறுத்தி, சிறு ஈரமானி ஒன்றும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் உள்ளே வைத்து, பொட்டலங்களைத் தவறாமல் மாற்ற வேண்டும். அந்துருண்டை வேண்டாம், அதன் நெடி தாளில் தங்கும், மூச்சுக்கும் நல்லதன்று. ஓலைச்சுவடிகளுக்கு எண்ணெய் பூசிக் காக்கும் நம் வழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது, ஏனெனில் ஒரு துளி எண்ணெய் இந்தத் தாளில் என்றும் நீங்காத கறையாகும்.

ஜப்பானில் கோடையின் வறண்ட நாட்களில் நூல்களை நிழலில் விரித்துக் காற்றாட வைக்கும் 'முஷிபோஷி' என்ற வழக்கம் உண்டு. நமக்கு அதற்கேற்ற காலம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள். வெயில் நேரே விழாத அறையில், காற்று மெல்ல ஓடும் ஒரு முற்பகலில், ஒவ்வொரு நூலையும் பொறுமையாகப் புரட்டுங்கள். இராமபாணப் பூச்சியின் அரிப்பும், துளையிடும் வண்டின் மாவு போன்ற தூளும் இருக்கின்றனவா என்று முதுகோரத்திலும் பைகளின் உள்ளேயும் பாருங்கள். புதிய தூள் கண்டால் அந்த நூலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து மூடிய பெட்டியில் தனியே வைத்து, காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள். ஒட்டு நாடா, கோந்து, இரும்புக் கவ்வி எதையும் பயன்படுத்த வேண்டாம். கிழிசலை மாவுப்பசையும் கோசோ தாளும் கொண்டே பழுதுபார்க்க வேண்டும், அதுவும் பயின்றவர் கையால். அறுந்த வெளித்தையலை மட்டும், பழைய துளைகள் வழியாகவே, அதே தடிமனுள்ள பட்டு நூலால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

நூல் வீட்டுக்கு வந்த நாளிலேயே எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை படமெடுத்து, தலைப்பு, பாகம், ஏடுகளின் எண்ணிக்கை, பதிப்பு விவரப் பக்கத்தின் தேதி, கோட்டு முறிவுகளின் இடம், வாங்கிய இடம் ஆகியவற்றைத் தனித்தாளில் பென்சிலால் எழுதி உறையின் வெளிப்புறத்தில் வையுங்கள். நூலில் எதையும் எழுத வேண்டாம். பிரிந்துபோன ஒரு பாகத்தின் துணைப்பாகம் என்றாவது வேறெங்கேனும் விற்பனைக்கு வரும்போது, அட்டையின் நிறம், பூச்சித்துளையின் பாதை, முன்னைய உரிமையாளரின் சிவப்பு முத்திரை ஆகியவற்றை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவையா என்று சொல்ல அந்தக் குறிப்பே உதவும்.